அப்பா போகும் தூரம்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தங்கச்சி என்பதும், அப்பா இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதும் பேச்சில் தெரிந்தது. தங்கச்சி திடீரென்று கேட்டாள்:

"வானத்துக்கு முடிவே இல்லன்னா அப்பா இன்னமும் போய்க்கிட்டேதான் இருப்பாராக்கா?"

"என்னடி பேச்சு இது?"

"மகளோட பள்ளிக்கூடத்து சயன்ஸ் சேர் சொன்னாராம். பிரபஞ்சத்துக்கு எல்லை இருக்கா இல்லையான்னு யாருக்குமே தெரியாதாம். பாக்க முடியிற தூரம் வரைக்கும்தான் தெரியுமாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா."

"அவரு சாமிகிட்ட போயிட்டாருடி. அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம்னு போவாரு? லயத்து வீட்டை விட்டா தேயிலை மலை, மலையை விட்டா லயம்னு இருந்தவரு. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுலயே நம்ம பஸ் எதுன்னு தெரியாம நிப்பாரு. ஒவ்வொரு தடவையும் நான்தானே போய்க் கூட்டிட்டு வருவேன்?"

"மெதுவா பேசு. ஆளுங்க கேக்குறாங்க."

நான் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். தேயிலைச் செடிகளைப் பனி மூடியிருந்தது. இறங்கும் இடம் வந்ததும் தங்கச்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா எழவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெட்டியில வைக்கிறப்ப அப்பாவுக்கு சுவெட்டர் போட்டுவிட்டோமா?"

"போட்டோம்க்கா."

"நல்லா யோசிச்சு சொல்லு. கழுத்துப் பட்டனைப் போட்டோமா?"

தங்கச்சி மறுபடியும் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இருவரும் இறங்கினார்கள்.