அளவு நட்சத்திரம்

தூசி என்றாலே என் மனைவிக்கு ஆகாது. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு தெருவை ஒட்டி இருப்பதால் காலையும் மாலையும் துடைத்துக்கொண்டே இருப்பாள். "தொடச்சா போயிடறது. அதைப் போய் ஆயுசு பூரா என்ன பாக்கறேள்?" என்று கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த விசாரணைக் கமிட்டியில் ஒருவருக்கும் என் துறை தெரியாது.

சில நட்சத்திர மண்டலங்களின் நடுவில் ராட்சதக் கருந்துளை ஒன்று கிடைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள தூசி சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கனன்றுகொண்டிருக்கும். ஒரு தொலைநோக்கியில் பார்த்தால் அது வெறும் புள்ளி. நான்கு தொலைநோக்கிகளில் விழும் ஒளியை ஒன்றுசேர்த்தால்தான் தூசியின் வடிவம் பிடிபடும். தொலைநோக்கிகள் சிலி நாட்டுப் பாலைவனத்தில் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும் என்று இங்கிருந்து எழுதி அனுப்புவோம். பார்த்தது எங்கள் கணினிக்கு வந்து சேரும். அந்தத் தூசி உளுந்து வடை போலக் கருந்துளையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்று இருபது வருடமாக எழுதியும் பேசியும் வந்தவன் நான். அழகியநம்பி என்றால் வடை என்று உலகத்துக்கே தெரியும்.

ரெம்யா என்ற ஆராய்ச்சி மாணவி கொடுத்த புகாரில் என்னைத் திருடன் என்கிறாள். அவளுடைய தோழியும் என் மாணவியுமான இசக்கிசெல்வியின் கண்டுபிடிப்பைத் திருடி என் பெயரில் கட்டுரை போட்டேனாம். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. அந்தக் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு அளவும் நானே எடுத்தது. என்ன செய்தேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தப்பாக எழுதிக்கொண்டு போக வேண்டாம்.

இசக்கிசெல்வியின் அப்பா நயினார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வித்துரா சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு மற்றவர்கள் தயங்கியபோது அவளைச் சேர்த்துக்கொண்டது நான்தான். கெட்டிக்காரி. அதை நான் மறுத்ததே இல்லை.

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் முன்னால் நான் பேசி முடித்து உட்கார்ந்தேன். அவள் எழுந்தாள். தன்னிடம் இருந்த கொஞ்ச நஞ்ச அளவுகளைத் திரையில் போட்டுக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "வடையில கொஞ்சம்தான் சாரே இருக்கு. முக்காவாசித் தூசி நடுவுலேர்ந்து மேலயும் கீழயும் சாம்பிராணிப் பொகை மாதிரி போவுது" என்றாள். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். பல வருடமாக எனக்குக் கடிதம் எழுதிவந்த ஒருவர் தேநீர் வேளையில் அவளோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய மின்னஞ்சல்கள் அவளுக்குப் போயின. எனக்கு நகல் வந்தது. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதை நான் அன்று யாரிடமும் காட்டவில்லை. அவளை அழைத்துப் பாராட்டினேன். இன்னும் நிறைய அளவுகள் எடுத்து இதை நிலைநாட்டு என்றேன்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நயினார் கடையில் தராசு சரியா என்று பார்க்க ஒரு கிலோ படிக்கல்லை வைப்பார். எங்களுக்கும் அப்படி ஒரு படிக்கல் உண்டு. தூசியைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும், அளவு தெரிந்த ஒரு சாதாரண நட்சத்திரத்தைப் பார்ப்போம். அதை வைத்துத்தான் காற்றும் கருவியும் செய்யும் பிழையைக் கழிப்போம். அளவு நட்சத்திரம் என்போம். படிக்கல் பொய்யானால் கடையில் நிறுத்ததெல்லாம் பொய்.

ஒரு நட்சத்திரம் எனக்குத் தெரியும். பட்டியல்களில் ஒற்றை நட்சத்திரம் என்று இருக்கும். உண்மையில் அது ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றிவரும் இரண்டு. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு அளவு காட்டும். வெகுகாலம் முன்பு நானே அதில் ஏமாந்தேன். என் கணக்கு தப்பா, என் மூளை தப்பா என்று தெரியாமல் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், கிழக்கேகோட்டையில் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதுகூட மறந்து நின்றிருக்கிறேன். கண்டுபிடித்த பிறகு வெட்கப்பட்டு வெளியில் சொல்லவில்லை. ஆகையால் அது ஒரு ஆளை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நட்சத்திரத்தை அவளுக்குக் கொடுத்தேன். உன் மண்டலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இதையே வைத்துக்கொள் என்றேன்.

அவளுடைய தூசி மாதாமாதம் உருமாற ஆரம்பித்தது. ஒளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வருடங்கள் ஆகும்; அத்தனை பெரியது ஒரு மாதத்தில் மாறாது. அவளுக்கும் இது தெரியும். ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள். "சாரே, எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. அந்த நட்சத்திரத்த மாத்திப் பாக்கட்டா?" என்று கேட்டாள். பாருங்கள், சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "குத்தம் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன், எல்லார் முன்னாலும். அதற்குப் பிறகு அவள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். ராத்திரியும் இங்கே ஆய்வுக்கூடத்திலேயே படுத்தாள். சுவரோடு பேசினாள்.

நயினாரைக் கூப்பிட்டுச் சொன்னதும் நான்தான். "சாரே, பிள்ள உறங்குதேயில்ல. என்ன செய்யணும்னு நீங்க சொன்னா மதி, செய்துருதேன்" என்றார். எனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். மண்டலம் கண் முன்னால் உருமாறுகிறது என்கிறாள் என்று டாக்டரிடம் விளக்கியதும் நானே. டாக்டர் பாவம், கேட்டதை வைத்து மாத்திரை எழுதினார். ஆராய்ச்சிக்கு இனி லாயக்கில்லை என்று நிர்வாகத்துக்கு நான் எழுதினேன். அவள் வித்துராவில் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு நல்ல நட்சத்திரம் ஒன்றை வைத்து நானே எல்லாவற்றையும் அளந்தேன். சாம்பிராணிப் புகைதான். வடை இல்லை. என் இருபது வருடத்தை நானே அடித்துத் திருத்தி வெளியிட்டேன். அதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று ரெம்யாவுக்குத் தெரியுமா?

கட்டுரை வந்த வாரம் ஏத்தம்பழம் வாங்கிக்கொண்டு இசக்கிசெல்வியைப் பார்க்கப் போனேன். யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவளால் நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை என்று நயினார் சொன்னார். அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாரே, அந்த நட்சத்திரம் ஒண்ணுதானே? ரெண்டு இல்லல்லோ?"

"ஒண்ணுதாம்மா. நான் பாத்துதானே குடுத்தேன்" என்றேன்.

"அப்போ தப்பு எம்மேலதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நயினார் போன் செய்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பிள்ளை அன்றைக்குத்தான் நன்றாக உறங்கினாள் என்று சொல்லி அழுதார். திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். திருடனுக்கு யாராவது போன் செய்து நன்றி சொல்வார்களா? இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.