பதினொரு மணி டாக்டர்

— டிவி பேச்சை மட்டும் எடுத்துடாத ஷகிலா. வூடு கேக்க வந்திருக்கோம். ஓனரம்மாவுக்கு அது தெரிஞ்சா அவ்வளவுதான்.

— நான் எங்க எடுக்கறேன்? இந்த மாடிப்படியைப் பார்த்ததும் உனக்குத்தான் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது நிர்மலா.

— வராதா பின்ன? இங்க குடியிருந்தப்ப, மாம்பழக் கூழ் கம்பெனியில ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு, அந்த வாசனையோட, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு பூனை மாதிரி ஏறுவோம். பதினொரு மணிக்கு டிவியைப் போட்டதும் சத்தத்தைச் சுத்தமா அமுக்கிடுவோம். கீழ ஓனரம்மா ரோசம்மா தூங்குதேன்னு அவ்வளவு பயம்.

— சத்தம் இல்லைன்னா என்ன, சீரியல்ல வர்றவங்களுக்கு நாமதான் பேசுனமே. நீ டாக்டர், நான் அவன் பொண்டாட்டி. மியூசிக்குக்கு நம்மகூட தங்கியிருந்த ஐஸ்வர்யா. கரண்டியால டம்ளரைத் தேய்ச்சா, பேய் கதவைத் தொறக்கற மாதிரியே இருக்கும்.

— "ஊசி போடறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லிடு, மல்லிகா..."

— யா அல்லா, அந்தக் கொரலை இங்க எடுக்காத. கேட்டு வாசல்ல நிக்கறோம்.

— மூணு மாசம் அவனைக் கொலைகாரனாவே ஓட்டுனமேடி. வெள்ளைக் கோட்டு, கையில கத்தி. பெரிய ஆபரேஷன் டாக்டர்.

— அந்தக் கூத்தை உங்கிட்ட சொல்லவே இல்லல்ல? போன வருஷம் சேலத்துல அக்கா வூட்டுல அதே சீரியல் மறுபடி ஓடுச்சு. சத்தத்தோட பார்த்தேன். அவன் டாக்டரே இல்ல. ஹோட்டல்ல சமையல் மாஸ்டர்.

— அடிப்பாவி. அப்ப கையெல்லாம் ரத்தம்?

— தக்காளி சாஸ்.

— ஐயோ, வயிறு வலிக்குதுடி.

— சிரிச்சது போதும் நிர்மலா. என் பாட்டைக் கேளு. கம்பெனியில பர்மனென்ட் பண்ணிக் கூப்பிட்டுட்டாங்க. தங்க எடம்தான் இல்ல. ராத்திரி லேட்டா வர்ற பொம்பளைக்கு வூடு தர மாட்டோம்னு போன எடத்துல எல்லாம் கேட்டைச் சாத்தறாங்க. அரூர்ல அம்மா கண்ணு தெரியாம தனியாக் கெடக்குது. இதுவும் தட்டிப் போச்சுன்னா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

— தட்டாது. பெல்லை அடி. நான் பேசறேன்.

— யாரு புள்ள அது, மத்தியான நேரத்துல?

— நாங்கதானுங்கம்மா. மாடியில குடியிருந்த நிர்மலா. இது ஷகிலா.

— அட, மொரப்பூர் மருமகளா? கல்யாணம் ஆன கையோட ரோசம்மா மூஞ்சி மறந்து போச்சுன்னு நெனச்சேன். வாங்க, உக்காருங்க. என்னா சங்கதி?

— மாடி காலியா இருக்குதுன்னு சொன்னாங்கம்மா. நம்ம ஷகிலாவுக்கும் அவ அம்மாவுக்கும்...

— அவளுக்கு வாய் இல்லையா? ஏம் புள்ள ஷகிலா, எந்த ஷிப்டு?

— மத்தியானம் போவேனுங்க. திரும்பி வர... பத்தரை ஆயிடுங்கம்மா.

— ம். வூடு காலிதான். ஆனா யாருக்கும் குடுக்கற மாதிரி இல்ல. உங்களுக்கப்புறம் வந்த குடும்பத்தை எல்லாம் நானே அனுப்பிட்டேன்.

— ரொம்பச் சத்தமுங்களா?

— சத்தமா? ஒம்போது மணிக்கெல்லாம் வெளக்கை அணைச்சிட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதுங்க.

— அது நல்லதுதானுங்களே?

— கேளு புள்ள. மாடி ரூம்பு வெண்டிலேட்டர் இருக்குதில்ல, அது எங்க தொறக்குது தெரியுமா? கீழ என் ரூம்பு ஜன்னலுக்கு நேரா.

— அப்ப... நாங்க ராத்திரி பேசுனது...

— ஒரு எழுத்து விடல.

— அம்மா, அது அப்ப ஏதோ வெளையாட்டுப் புத்தியில பண்ணதுங்க. ஷகிலா இப்ப அப்படி இல்லீங்க. சத்தமே வராதுங்க.

— நீ செத்த கம்முனு இரு நிர்மலா. ஷகிலா, நீ சொல்லு. உங்கிட்ட டிவி இருக்குதா?

— இருக்குதுங்கம்மா. ஆனா இங்க கொண்டு வர மாட்டேனுங்க. வேணும்னா வித்துடறேனுங்க.

— வித்துட்டீன்னா வூடு இல்ல.

— என்னங்கம்மா சொல்றீங்க?

— இந்தா சாவி. உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வா, அந்த அம்மாவுக்கும் பொழுது போகும். மாசத்துல நாலு நாளாவது இந்த மொரப்பூர்க்காரி வந்து தங்கணும். ஆம்பளக் கொரலுக்கு வேற ஆளு எங்க தேடறது?

— அடப் பாவமே. நாங்க தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு குசுகுசுன்னு பேசுனா, நீங்க இருட்டுல படுத்துக்கிட்டு அத்தனையும் கேட்டுட்டு இருந்தீங்களா?

— படுத்துக்கிட்டு என்னாத்துக்குக் கேக்கணும்? எங்கூட்டுலயும் டிவி இருக்குது புள்ள. அதே சீரியலைப் போட்டு, நீங்க பேசறது தெளிவா விழணும்னு நானும் சத்தத்தை அமுக்கிட்டுத்தான் பார்த்தேன்.