விரதத்தோடு போன ரத்தப் பரிசோதனை

கரவனெல்லையிலிருந்து கித்துல்கல போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள். இருவர் விரல்களிலும் இறப்பர் பால் கறை.

“விரதம் இருந்து போயும் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்காம அனுப்பிட்டாங்க” என்றாள் மூத்தவள்.

“ஏங்கக்கா?”

“கொலஸ்ட்ரோல் பாக்க வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமதானே, விரதத்தோட போனேன். காலையில பாலும் பழமும் சாப்பிட்டேன்னதும் நர்ஸ் மிஸ்ஸி சிரிச்சிட்டாங்க. திங்கக்கிழம பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வரணுமாம்.”

“விடுங்கக்கா. மல ஏறி எறங்குற நம்மளுக்கு எங்க அது வரப்போகுது? பங்களாவுல இருக்கிறவங்களுக்குத்தான் கொழுப்பு.”

“எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. நெஞ்ச அடைக்குதுன்னாரு. வாய்வுன்னு நெனச்சு பூண்டு சுட்டுக் குடுத்தேன். மறுநாள் பால் வாளியோட விழுந்தவரு, எந்திரிக்கவே இல்ல.”

இளையவள் மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, எங்க அவரும் ரெண்டு நாளா பூண்டுதான் கேக்குறாரு.”

மூத்தவள் இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள்.

“திங்கக்கிழம வரைக்கும் பாக்காத. இந்த பஸ்ஸு திரும்பி வர்றப்ப அவரையும் கூட்டிக்கிட்டு ஏறுறோம்.”