பிசிறக்காவுக்கு, பிடிப் பிரிவிலிருந்து

முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் நின்றவரே, கண்ணுக்குத் தப்பியதைக் கைவிரலால் கண்டவரே, மடக்குக் கத்தி வாங்கிய எத்தனையோ பேரின் உள்ளங்கையில் கீறல் விழாமல் காத்தும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாதவரே, எங்கள் பிரிவின் மூத்த தரச் சோதகரே, பதிவேட்டில் இருக்கும் பெயரை நாங்களே மறந்துபோகும்படி எல்லோருக்கும் பிசிறக்காவாகிப் போனவரே, வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் எந்திரத்தின் அச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் அச்சுக்காரர் சொன்னார். அவர் இதே உணவுக்கூடத்தில் ஆறு பாராட்டு மடல்களுக்குக் கைதட்டியவர். "அடைமொழி குறைஞ்சா மரியாதை குறைஞ்ச மாதிரி இருக்கும்மா. நாலஞ்சு போட்டுட்டு அப்புறம் நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு" என்றார். போட்டாயிற்று. இனி, சொல்ல வேண்டியது.

இன்று உங்களுக்குப் பணி ஓய்வு. திங்கட்கிழமை காலை நீங்கள் மறுபடி வேலைக்கு வருவதாகவும் இருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டுகள் நீடிக்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். போகாத ஒருவரை வழியனுப்புவதற்கு எதற்கு இத்தனை நாற்காலிகள் என்று நீங்களே நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சம்மதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் வீட்டுக்காரரும் மகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். வேலையைப் பற்றி நீங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கேள்விப்பட்டோம். ஆகவே நீங்கள் இத்தனை காலமும் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

மடக்குக் கத்தியின் பிடி எங்களிடம் குருணையாகத்தான் வருகிறது. அரிசியைவிடச் சற்றுப் பருத்த கறுப்புக் குருணை, மூட்டை மூட்டையாக. நைலான், பலத்துக்காகக் கண்ணாடி இழை கலந்தது. இது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தோடு உருக்கினால் பிடியின் மேல் வெள்ளிக் கோடுகள் ஓடும், கீழே போட்டால் பிஸ்கட்டைப் போல முறியும். அதனால் முதல் வேலை உலர்த்துவது. உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெயிலண்ணன். உலர்ந்த குருணை சூடான உருளைக்குள் இறங்கும். உள்ளே சுழலும் திருகு அதை உருக்கி, முன்னே தள்ளி, மூடியிருக்கும் எஃகு அச்சுக்குள் ஒரே அழுத்தில் செலுத்தும். அச்சுக்குள் ஆறி இறுகியதும் கதவு திறக்கும். நாற்பது வினாடிக்கு ஒரு ஜோடி விழும். இடப்பாதி, வலப்பாதி, இரண்டையும் சேர்த்தபடி நடுவில் ஒரு காம்பு. காம்பை ஒடித்து எடுத்தால், அடுத்த கூடத்தில் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே கத்தியின் அலகை வைத்து ஆணி இறக்குவார்கள்.

இவ்வளவுதான் என்றால் நீங்கள் தேவைப்பட்டிருக்க மாட்டீர்கள். அச்சின் இரண்டு பக்கங்களும் எவ்வளவு இறுகச் சேர்ந்தாலும் மயிரிழை இடைவெளி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அச்சுக்கு வயதாக ஆக அது கூடும். உருகியது அதில் கசிந்து, பிடியின் விளிம்பில் மெல்லிய செதிலாக நின்றுவிடும். அதுதான் பிசிறு. அலகு மடங்கும் பள்ளத்தில் அது நின்றால் கத்தி பாதியில் சிக்கும். வெளி விளிம்பில் நின்றால் பிடிப்பவரின் கையைக் கீறும். சீவுகிற நாங்கள் ஏழு பேர் வளைந்த சின்னக் கத்தியால் அதைச் சீவுவோம். சிவப்புப் பிடி என்றால் விளக்குக்கு நேரே காட்டிப் பார்க்கலாம். கறுப்பில் கறுப்பு தெரியாது. சீவியது போதுமா போதாதா என்று சொன்னது உங்கள் வலது கட்டைவிரல்.

ஒவ்வொரு முறையும் எந்திரத்தைத் தொடங்கும்போது முதல் இருபது ஜோடிகளைப் பார்க்காமலே அரைக்கப் போட்டுவிடுவோம். இருபத்தொன்றாவதைச் சீவி உங்களிடம் கொண்டுவருவோம். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். விரல் விளிம்பைச் சுற்றிவரும். நீங்கள் தலையசைக்கும் வரை எந்திரத்தின் கீழே பெட்டி வைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஒருமுறை மேலாளர் அவசரத்தில் வந்து நின்று, "என்னம்மா, ஜோசியமா பாக்கறீங்க?" என்று கேட்டார். "ஜோசியம் பொய்க்கும் சார்" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.

பிசிறு இருந்தால் நீங்கள் திட்டியதில்லை. பிடியைத் திருப்பி நீட்டி, "இன்னொரு தரம்" என்பீர்கள். முப்பத்தோராண்டில் நீங்கள் அதிகம் பேசிய சொல் அதுவாகத்தான் இருக்கும். புதிதாக வந்தவர்களிடமும் அதே குரல், இருபது வருடம் சீவியவர்களிடமும் அதே குரல். அதைப் பொறுமை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். மடலில் 'பொறுமையின் சிகரமே' என்று ஒரு வரியும் எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அதில் பாதி பொறுமை, பாதி அலுப்பு என்று இப்போது தோன்றுகிறது. அலுத்துப்போனவர் குரலை உயர்த்துவதில்லை. அமைதியாக இருப்பவர் நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வது பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் மேலாளர் எங்களை அழைத்து, உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார். "நான் கேட்டா மாட்டேங்கறாங்க. நீங்களே பேசி நிறுத்தி வைங்க" என்றார். நாங்கள் பத்தொன்பது பேர் சேர்ந்து விண்ணப்பம் எழுதினோம். எழுதியது நான். 'தாங்கள் இல்லாமல் இப்பிரிவு இல்லை' என்று முடித்திருந்தேன். எழுதும்போது கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தை அன்பு என்றே நம்பினேன்.

மதிய இடைவேளையில் கொடுத்தோம். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தீர்கள்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா என் விரல் செத்துப்போச்சுடி."

வெயிலண்ணன் சிரித்தார். "செத்த விரலா நேத்து எழுபது ஜோடியைத் திருப்பி அனுப்பிச்சு?"

"விரல் எங்க அனுப்பிச்சது? உதடு."

எட்டு மாதமாகக் கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை என்றீர்கள். நரம்பு என்று மருத்துவர் சொன்னாராம். சூடான டம்ளரைப் பிடித்தால்கூடத் தெரிவதில்லையாம். நீங்கள் பிடியை முகத்தருகே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறோம்; கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். நீங்கள் கீழுதட்டில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

"ஓய்வு வாங்கி அப்படி என்னக்கா பண்ணப்போறீங்க?" என்று அச்சுக்காரர் கேட்டார்.

"பகல்ல தூங்கணும். எந்திரிச்சு, மணி பாத்துட்டு, திரும்பத் தூங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதன்பின் வேறு எவராவது பேசியிருக்கலாம். பேசியது நான்.

"அப்ப உதட்டாலயே பாருங்களேன் அக்கா. நடந்துக்கிட்டுத்தானே இருக்கு."

பதினெட்டுத் தலைகள் ஆடின. ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை. நீங்கள் என்னையே பார்த்தீர்கள்.

"இன்னொரு தரம் சொல்லு."

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சற்று உரக்கச் சொன்னேன். நீங்கள் எனக்குக் கொடுத்தது சீவிக்கொண்டு வர ஒரு வாய்ப்பு. அது புரிய எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

மறுநாள் மேலாளரிடம் சம்மதம் எழுதிக் கொடுத்தீர்கள். நாங்கள் மகிழ்ந்தோம்.

இரண்டு வாரத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போக மூன்று நாள் விடுப்பு எடுத்தீர்கள். உங்கள் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதைத் தொட்டாலும் வழவழப்பாகவே இருந்தது. பத்தாவது ஜோடியில் பிடியை உதட்டில் வைத்தேன். தெரிந்தது. உண்மையில் நன்றாகவே தெரிந்தது. இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தேன். பிடி அப்போதுதான் அச்சிலிருந்து வந்த சூட்டில் இருந்தது. தீய்ந்த நகத்தின் வாடை. மதியத்துக்குள் உதடு எரியத் தொடங்கிவிட்டது. இரண்டாம் நாள் தேநீர் குடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை உதடு வெடித்து ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, மேலாளரைக் கடிச்சு வெச்சியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வெடிப்பு இன்னும் விரிந்தது.

அந்த நேரத்தில்தான் உங்கள் கைப்பையில் இருக்கும் வாசலின் டப்பி நினைவுக்கு வந்தது. நாள் முழுக்க எடுத்து எடுத்துத் தடவுவீர்களே, அது. "அக்காவுக்கு இந்த வயசுல அழகு கூடிக்கிட்டே போகுதே, யாருக்காம்?" என்று நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. நீங்களும் எங்களோடு சேர்ந்து சிரிப்பீர்கள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. வெட்கம் என்று நினைத்தோம்.

நான் மூன்று நாள். நீங்கள் பத்து மாதம். இன்னும் இரண்டு ஆண்டுகள் செய்யச் சொல்லிப் பத்தொன்பது கையெழுத்து.

மறுநாள் சீவும் மேசையில் எல்லோரிடமும் என் உதட்டைக் காட்டினேன். எல்லோரும் சீவுவதை நிறுத்திவிட்டார்கள். எந்திரம் மட்டும் நாற்பது வினாடிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அச்சுக்காரர் முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து வந்தார். கறுப்புப் பிடியின் விளிம்பில் பஞ்சை இழுத்தார். பிசிறு இருந்த இடத்தில் வெள்ளை இழைகள் சிக்கி நின்றன. குருடருக்குக்கூடத் தெரியும். "இதை அந்தம்மா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாங்கப்பா" என்றார். சொன்னீர்கள் என்பது எங்களுக்கும் நினைவிருந்தது. பஞ்சு வைத்துப் பார்த்தால் நேரம் பிடிக்கும், எந்திரத்தின் வேகத்துக்கு ஒருவரால் ஈடுகொடுக்க முடியாது, இரண்டு பேர் உட்கார வேண்டும். இரண்டு பேர் வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்கள்தான் இருந்தீர்களே.

மேலாளரிடம் போனோம். இப்போது அவரும் இங்கே இருக்கிறார். அவர் பேசியதை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

"அவங்களே கைப்பட எழுதிக் குடுத்தாச்சு. உங்களுக்கு இப்ப என்ன வந்துச்சு?"

"நாங்க எழுதினதாலதான் சார் அவங்க எழுதினாங்க."

எங்களில் இருவர் இருவராக மாறி மாறிச் சோதனை மேசையில் உட்காருகிறோம், பஞ்சு வைத்துப் பார்க்கிறோம் என்றோம். பெட்டிகள் குறையும் என்றார். "குறையட்டும் சார்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வெயிலண்ணன். இத்தனை வருடத்தில் அவர் எவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மேலாளர் பத்து நாள் பதில் சொல்லவில்லை. நேற்று மாலை என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து மிஷினைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றார். அதற்காக அவருக்கு இந்த மடலின் வழியாக நன்றி.

அக்கா, உங்களைப் பாராட்ட எழுதத் தொடங்கிய மடல் இது. பாராட்டு என்பது பல நேரம் வேலை வாங்குவதற்கு இன்னொரு வழியாக இருக்கிறது என்பதை எழுத எழுதத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இல்லாமல் இப்பிரிவு இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறோம். நீங்கள் இல்லாமலும் பிரிவு இருக்கும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், முதல் சில மாதங்கள் தப்பும் தவறுமாக இருக்கும். அடுத்த கூடத்திலிருந்து பெட்டிகள் திரும்பி வரும். வசவு எங்களுக்கு, உங்களுக்கில்லை.

உங்கள் உதடு ஆறட்டும். உணவின் சூடும் தண்ணீரின் குளிர்ச்சியும் எரிச்சலில்லாமல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கட்டும். விரல் திரும்பினால் மகிழ்ச்சி. திரும்பாவிட்டாலும் அதற்கு இனி எந்த வேலையும் இல்லை. நீண்ட ஆயுளை உங்களுக்காகக் கேட்டுக்கொள்கிறோம். அதில் எந்த நாளை எப்படிக் கழிப்பது என்பதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மேலாளர் தந்த கவர் இந்த மடலுக்குப் போட்டிருக்கும் மரச் சட்டத்தின் பின்புறம் செருகியிருக்கிறது. உள்ளே இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதம். அதை நீங்கள் கிழிக்கலாம். வர விருப்பமிருந்தால் மேலாளரிடமே மறுபடி கொடுக்கலாம். சோதனை மேசையில் மூன்றாவது நாற்காலி போடுவோம். எதுவானாலும் எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதற்காகத்தான், இந்த மடலைப் படித்து முடித்ததும் நாங்கள் பத்தொன்பது பேரும் எழுந்து எந்திரங்களுக்குப் போகிறோம். மரியாதைக் குறைவு என்று உங்கள் வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
பிடிப் பிரிவுத் தொழிலாளர்கள்,
பத்தொன்பது பேர்.