கேட்காமல் கொடுத்த கப்புச்சினோ

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருந்தகை அத்தீலியோ அவர்களே! நித்தம் நித்தம் நீராவியில் நின்று, நெற்றி வியர்வையை வழித்தெறியும் பதுவை நகரத்துக் காப்பிக்கடைப் பெருமக்களே! விடியுமுன் கடைக்கு ஓடிவிடும் கணவன்மாரைச் சகித்துக்கொண்ட தாய்மார்களே! இன்று சான்றிதழ் வாங்கி, நாளை கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கப்போகும் இளையோரே! எல்லோருக்கும் இந்த நெரேயோவின் பணிவான வணக்கம்.

கப்புச்சினோவின் பிறப்பைப் பற்றிப் பேசு என்றார் தலைவர். பிறப்பா? வியன்னாக்காரன் தன் வீட்டுப் பிள்ளை என்கிறான். இத்தாலியர் நாம் நம் பிள்ளை என்கிறோம். வியன்னாவில் தோற்றோடிய துருக்கியர் விட்டுப்போன காப்பிக்கொட்டை மூட்டையைப் பிரித்து ஒரு துறவிதான் முதலில் காய்ச்சினார் என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. கதைக்குக் காலேது? நான் நம்புவது இவ்வளவுதான்: கறுத்த காப்பியில் வெளுத்த பால் கலந்தது, கப்புச்சின் துறவிகளின் அங்கி நிறம் வந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

செய்முறை? ஏழு கிராம் தூள், இருபத்தைந்து நொடி. பால் குளிர்ந்திருக்க வேண்டும். நீராவிக் குழல் முனை பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். அது கூவக் கூடாது, கிசுகிசுக்க வேண்டும்! உள்ளங்கை தாங்காத சூடு வந்ததா? நிறுத்து! குவளையைத் தட்டு! சுழற்று! ஊற்று! காலையில் மட்டுமே குடிக்க வேண்டியதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எவராவது கேட்டால்? ஐயா, அங்கே கையை ஓங்குகிறவரே, அமருங்கள். வெளியூர்க்காரர் என்று விட்டுவிடுவோம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன்?

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே புகழ்ந்தீர்கள். நெரேயோ யாரையும் கேட்கவே மாட்டான். ஆள் வாசல் ஏறும்போதே அவருக்கு வேண்டியது கவுன்ட்டரில் இறங்கிவிடும் என்றீர்கள். கைதட்டினீர்கள். நம் தொழிலில் அதுதானே மகுடம்? வாடிக்கையாளர் வாய் திறந்து "வழக்கமானது" என்று சொல்ல நேர்ந்தாலே நமக்கு அது தலைக்குனிவு அல்லவா? அந்த மகுடம் எனக்குச் செய்ததைக் கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு செப்டம்பர் காலை, ஏழு பத்துக்கு, லுயிசெல்லா என்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியை கடைக்குள் வந்தார். பக்கத்தில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த கப்புச்சினோவை ஒரு கணம் பார்த்தார். போதாதா இந்தப் புத்திசாலிக்கு? அவர் கைப்பையைக் கீழே வைக்குமுன் கப்புச்சினோவை வைத்துவிட்டேன். அவர் சிரித்தார், குடித்தார். மறுநாளும் வைத்தேன். ஆறு வருடம் வைத்தேன், ஐயா! அவருக்காக மட்டும் இரண்டு முறை பால் நுரைத்துப் பார்ப்பேன். நுரை சரியாக வந்த நாளில் எனக்குத் தரையில் கால் பாவாது. ஆசை இருந்ததா? இருந்தது. சொன்னேனா? கோப்பைதான் சொல்கிறதே, வாய் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஆறாம் வருடம், ஜூன் மாதம். அன்று அவர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, "நெரேயோ, இன்னிக்கு நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் டீச்சர், நுரை கொஞ்சம் தூக்கலா. வாயத் தொறக்கவே வேணாம்!" என்றேன்.

கடையே சிரித்தது. சபாஷ் என்றார்கள். அவரும் சிரித்தார், குடித்துவிட்டுப் போனார். செப்டம்பரில் வரவில்லை. திரெந்தோவுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார் என்றும், அங்கேயே திருமணம் ஆயிற்று என்றும் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா, முன்வரிசையில் இருந்து கேட்கிறீர்கள், காதில் விழுந்தது. இல்லையம்மா, நான் கட்டிக்கொள்ளவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

போன வசந்தத்தில், தோழி ஒருத்தியின் அடக்கத்துக்குப் பதுவை வந்த லுயிசெல்லா, கடைக்கும் வந்தார். நரைத்திருந்தார். இந்தக் கை சும்மா இருக்குமா? பால் குவளையை எடுத்துவிட்டது.

"பால கீழ வைங்க, நெரேயோ. எனக்குப் பாலே ஒத்துக்காது," என்றார்.

நான் திகைத்தேன். "ஆறு வருஷம் குடிச்சீங்களே, டீச்சர்?"

"ஒரு நாளாச்சும் 'என்ன வேணும்'னு கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா?"

"பாலில்லாத எஸ்பிரெஸ்ஸோன்னு சொல்லியிருப்பேன்," என்றார். கைப்பையை மூடினார். "அதோட இன்னொண்ணும் சொல்லியிருப்பேன்."

பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஆறு வருடம், பெரியோர்களே! வயிற்றுக்கு ஒவ்வாததை அந்தப் பெண் ஆறு வருடம் குடித்தாள்! யாருக்காகக் குடித்தாள்? எதற்காகக் குடித்தாள்? இரண்டே இரண்டு சொல்லுக்காகக் குடித்தாள்! எவர் மனமும் எனக்குத் தெரியும் என்று இறுமாந்தேன்; எதிரே நின்ற ஒருத்தியின் மனம் தெரியவில்லை. ஊருக்கே காப்பி கொடுத்தேன். ஒருத்திக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. நினைத்தால் நெஞ்சு வேகிறது.

இளையோரே, நுரை நாளடைவில் வந்துவிடும். நாளைக் காலை உங்கள் கவுன்ட்டருக்கு முதலில் வருகிறவர் முப்பது வருட வாடிக்கையாளராகவே இருக்கட்டும், "என்ன வேணும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு அது தெரிய நாற்பது வருடம் ஆயிற்று.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வருகிறேன், வணக்கம்.