கடைசி விசில் வரை

ஒரு ஆட்டம் தொண்ணூறு நிமிடம். அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது பெரிய சிரமம் இல்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன், ஐயா.

நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எங்கள் நகரத்துக் கால்பந்து கிளப்பில், யாரோடும் பேசத் தேவையில்லாத வேலையைக் கொடுத்தார்கள். மைதானத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. கீழே வாசல்களில் சுழலும் கம்பிக் கதவுகள். ஒருவர் உள்ளே வந்தால் என் திரையில் ஒன்று கூடும். வெளியே போனால் ஒன்று குறையும்.

அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ரசிகர்கள் ஏதோ பழக்கத்துக்கு வந்து, இடைவேளையில் டீ குடிக்கப் போய், அப்படியே வீட்டுக்குப் போனார்கள். என் அப்பா மட்டும் எத்தனை கோல் வாங்கினாலும் அசையமாட்டார். வடக்குப் பக்கம், அணியின் நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாதியில எழுந்து போறவன் ரசிகனாம்மா? பஸ்ஸுக்கு நேரம் ஆகலைன்னு உள்ள வந்தவன்" என்பார்.

பிறகு லீக்கிலிருந்து புது விதி வந்தது. வந்தவர்கள் கணக்கு வேண்டாம். கடைசி விசிலின்போது இருப்பவர்கள் கணக்கு வேண்டும். ஒரு ஆட்டத்தில் பத்தாயிரம் பேருக்குக் குறைந்தாலும் அணியை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். அப்பா அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "டீம் கீழ போயிட்டா நான் எதுக்கும்மா உயிரோட இருக்கணும்?"

மேனேஜர் என்னிடம் வந்து, "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே, ஏதாவது பண்ணும்மா" என்றார்.

பண்ணினேன். சின்ன மாற்றம்தான். இடைவேளை தொடங்கியதிலிருந்து கம்பிக் கதவுகள் உள்பக்கம் மட்டும் சுழலும். பெரிய கதவுகளைத் திறக்கும் பொத்தான் என் மேசைக்கு வந்தது. இதயத்தில் வால்வு இருக்கிறதே, அதே தத்துவம்.

முதல் ஆட்டத்தில் மூன்றாவது கோல் வாங்கியதும் ஜனங்கள் கதவுகளுக்கு வந்து கம்பியை ஆட்டினார்கள். தோற்றாலும் தாளம் போட்டு ஊக்கம் கொடுக்கும் கூட்டம் என்று டிவியில் வர்ணனையாளர் உருகினார். லீக்கில் எங்களுக்கு 'சிறந்த ரசிகர்கள்' கேடயம் கொடுத்தார்கள். வேறு இரண்டு கிளப்புகள் ரகசியம் என்ன என்று கேட்டன. எனக்குக் கூச்சமாக இருந்தது.

நீங்கள் கேட்பது கடைசி ஆட்டத்தைப் பற்றி. நான்கு கோல் வாங்கியிருந்தோம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வடக்கு வாசல் காவலர் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். பெரியவர் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், கதவைத் திறங்கள் என்றார்.

திரையில் பத்தாயிரத்து அறுபது. அந்த வாசலில் மட்டும் எண்ணூறு பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்காகத் திறந்தால் எண்ணூறு பேரும் போவார்கள். சாதாரணக் கழித்தல்தான்.

"உட்கார வைங்க. தண்ணி கொடுங்க. விசில் அடிச்சதும் திறக்கிறேன்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். "மேடம், அவர் போயிட்டார்."

"எப்படிப் போவார்? கதவு பூட்டியிருக்கே."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

பக்கத்தில் லீக் அதிகாரி பேனாவோடு நின்றார். "எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

விசில் அடித்தது. திறந்தேன். எண்ணிக்கையில் அவரைக் குறைக்கவில்லை. வாசலைத் தாண்டாதவரைக் குறைக்க அந்த இயந்திரத்தில் வசதி இல்லை. அணி முதல் பிரிவில் இருக்கிறது. வேண்டுமானால் பட்டியலைப் பாருங்கள். யாருக்காக இதையெல்லாம் செய்தேனோ, அவர் நினைத்தது நடந்துவிட்டது. அந்த நிம்மதி எனக்கு உண்டு.

நீங்கள் எழுதிக்கொண்டதில் ஒரே ஒரு திருத்தம், ஐயா. காவலர் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறார். ஆள் அவருக்குத் தெரியும். 'பெரியவர் ஒருத்தர்' என்பது நான் போட்ட சொல். அவர் சொன்னது, "மேடம், உங்க அப்பா."