தொண்ணூற்றேழாம் பக்கத்துக் காது

— முதல்ல உக்காருங்கக்கா. இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, இன்னும் தண்ணிகூடக் குடிக்கல.

— தண்ணி இருக்கட்டுங்க. தொண்ணூத்தேழாம் பக்கத்த எடுங்க மேடம்.

— மேடமா? பதினோரு மாசம் உங்க வீட்ல சோறு சாப்பிட்டவக்கா நான். ஜோஸ்லின்னுகூடக் கூப்பிட மாட்டீங்க, அம்மிணிம்பீங்க.

— அது ஊட்ல இருந்த புள்ளைய. இது புஸ்தகம் எழுதுனவிங்கள. எடுங்க.

— எடுத்துட்டேன். பாருங்க, இந்தப் பக்கத்துல சௌந்திரம்னு உங்க பேரே இல்ல. பாப்பாயின்னு மாத்திட்டேன். மேச்சேரிப் பக்கத்து ஊரை எருமப்பட்டின்னு மாத்திட்டேன். உங்க வயசுலகூட ஆறு வருசம் கூட்டிட்டேன்.

— கூட்டுனீங்க. பக்கத்துல ஒரு படம் போட்டிருக்கீங்களே, அது என்னதுங்க?

— ஆட்டுக் காது. எடது காது. நுனியில ஒரு வெட்டு, கீழ் ஓரத்துல ரெண்டு. நான்தான் வரைஞ்சேன்.

— யாரு ஊட்டு ஆட்டுக் காது?

— உங்க பட்டி ஆட்டோடது.

— எங்க பக்கத்துல எழுத்தே தெரியாதவன்கூட ஆட்டுக் காதப் பாத்தா பட்டியச் சொல்லிப் போடுவான். ஆடு காணாமப் போச்சுன்னா சந்தையில காதப் புடிச்சுப் பாத்துத்தான் கேக்கறது. ஒரு பட்டி வெட்டு இன்னொரு பட்டிக்கு இருக்காது. பேர மாத்துனீங்க, ஊர மாத்துனீங்க, வயச மாத்துனீங்க. ஆட்டுக் காத மாத்துனீங்களா?

— எனக்குத் தோணவே இல்லக்கா. பாக்க அழகா இருந்துச்சு, போட்டேன்.

— ஆடு வளக்கறவிங்க சங்கத்து ராசு எழுத்தப் படிக்கவே இல்லீங்க. அந்தக் காதப் பாத்ததும் நேரா எங்கூட்டுக்காரருகிட்டக் கொண்டாந்து குடுத்துட்டான். சென்னியப்பா, உன்ற பட்டி புஸ்தகத்துல வந்திருக்குதுன்னு. அவரும் பெருமையாத்தான் கண்ணாடிய எடுத்து மாட்டுனாரு.

— படிச்சாரா?

— என்னயப் பக்கத்துல நிறுத்தி வெச்சுக்கிட்டு சத்தமாப் படிச்சாரு. ‘பாப்பாயியின் கணவர் போர்வெல் லாரியில் வடநாட்டுக்குப் போயிருந்தபோது’ன்னு. ரிக்கு வண்டியில சத்தீஸ்கருக்குப் போன வருசம் எதுன்னு அவருக்குத் தெரியாதுங்களா?

— அக்கா...

— ‘நீலநாக்கு நோயில் பொலிகிடா இறந்துவிட்டது.’ ஆமாங்க, செத்துத்தான் போச்சு. மாமனாரு கையால குடுத்த பட்டி. அஞ்சு தலமொறையா வெளிக் கெடா சேக்காத பட்டின்னு சுத்துப்பட்டுல அதுக்குத்தான் பேரு. பாத்துக்கன்னு என்னய நம்பி உட்டுட்டுப் போனாரு. வாயெல்லாம் நொரை தள்ளி மூணே நாள்ல கெடா போயிருச்சு. பயத்துல சந்தைக்குப் போயி, காதுல வெட்டே இல்லாத, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத ஒரு கெடாயப் புடிச்சாந்து, கத்திரிய நெருப்புல காட்டி நானே அது காதுல எங்க வெட்டப் போட்டேன். அடுத்தவன் ஆட்டுக்கு நம்ம வெட்டப் போடறதுன்னா, புள்ளைக்குப் பொய்யா அப்பன் பேர வெக்கற மாதிரிங்க.

— தெரியும்க்கா. நீங்க சொன்ன அதே வார்த்தையத்தான் போட்டிருக்கேன்.

— ஆறு மாசங்கழிச்சு வந்தவரு நம்ம பட்டிக் கெடாதான்னு நம்பித் தடவிப் பாத்தாரு. நல்லா வளத்திருக்கறன்னாரு. கலியாணமாயி அன்னிக்கு வரைக்கும் என்னய ஒரு நல்ல சொல்லு சொன்னதில்லீங்க. அதையும் எழுதியிருக்கீங்க.

— அது அந்த அத்தியாயத்தோட கடைசி வரி. வைவா அன்னிக்கு அதப் படிச்சப்ப எக்ஸாமினரே கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

— அவரு தொடச்சு எனக்கென்னங்க ஆவப்போவுது?

— நான் கேக்காம எழுதலக்கா. படிவத்துல கையெழுத்துப் போட்டீங்க. பேசுறத ஆய்வுக்குப் பயன்படுத்திக்கலாம்னு அதுல தெளிவா இருக்கு.

— அது நீங்க வந்த மொத நாளு போட்டது. இதச் சொன்னது எட்டாவது மாசம், குட்டிக்குப் பூச்சி மருந்து ஊத்தறப்ப. குட்டி வாயத் தொறந்து புடிச்சுக்கிட்டு நீங்க, ஊத்திக்கிட்டு நானு. பேச்சுப் புடிக்கற அந்த மிசினுகூட உங்க கையில இல்ல.

— அப்புறம் ரூமுக்குப் போய் ஞாபகத்துல இருந்து எழுதிக்கிட்டேன். களப்பணின்னா அப்படித்தான்க்கா. மிஷின் இல்லாதப்பதான் ஜனங்க மனசுவிட்டுப் பேசுவாங்கன்னு எங்க கைடு சொல்வாங்க.

— அப்பிடிங்களா. எனக்கொரு தங்கச்சி கெடச்சிருக்கறான்னு நான் பேசிட்டு இருந்தேன்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நீங்களும்தான் அன்னிக்கு எனக்கொண்ணு சொன்னீங்க. உங்க கலியாணத்துக்கு முந்துனது. சொல்லிப்போட்டு என்ற மடியில படுத்து அழுதீங்க. அத நான் யாருகிட்டயாச்சும் சொன்னனுங்களா?

— இல்ல.

— உங்கூட்டுக்காரருக்குத் தெரியுமுங்களா?

— தெரியாது. அக்கா, மெதுவாப் பேசுங்க, அவர் வர்ற நேரம்.

— பயப்படாதீங்க. எங்கிட்டப் படிவம் இல்ல, கையெழுத்து இல்ல. ஆனாலும் அது எங்கிட்டத்தான் இருக்குது, எங்கிட்டயே இருக்கும்.

— என்னைக் கொல்றீங்கக்கா.

— எங்க காட்டுக்கு எத்தன பேரு படிப்புக்குன்னு வந்திருப்பாங்க. டப்பியில மண்ண அள்ளிட்டுப் போனாரு ஒருத்தரு. நாங்க ஊடுங்கறோம், அக்கட்டாலங்கறோம்னு அதையே ஒரு நோட்டு நெறைய எழுதிட்டுப் போச்சு நர்மதான்னு ஒரு புள்ள. பொருளாதாரம்னு சொல்லிக்கிட்டு ஒரு தம்பி வந்து, ஆடு மேய்க்கற நேரத்துல வேற வேலைக்குப் போனா என்ன ஆவும்னு கேட்டான். ஆடு பட்டினி கெடக்கும்னேன், அதையும் எழுதிக்கிட்டான். சந்தோசத்துக்கு அஞ்சுக்கு எத்தன மார்க்குப் போடுவீங்கன்னு இன்னொண்ணு. மூணுன்னேன். ஏன் மூணுன்னு அதுக்கு ஒரு மணி நேரம். குலசாமி கல்ல நாடா வெச்சு அளந்துட்டு, இது சாமியில்ல, சண்டையில செத்தவனுக்கு நட்ட கல்லுன்னு சொல்லிட்டுப் போனாரு ஒரு பெரியவரு. எல்லார்த்துக்கும் சோறு போட்டேன். ஒருத்தரும் என்னய இப்பிடிப் பண்ணுல.

— அவங்க எல்லாம் மண்ண எழுதுனாங்க, பேச்ச எழுதுனாங்க, ஆட்ட எழுதுனாங்க. உங்கள யாருக்கா எழுதுனா? இந்தப் பட்டி நிக்கறதே ஒரு பொம்பளையாலன்னு நான்தான் எழுதினேன். உங்களப் பெருமைப்படுத்தத்தான் எழுதினேன்.

— எங்க சத்யபிரியா போன் பண்ணிக் கேக்குது. ஏம்மா, இதப் போயி ஒரு படிச்சவகிட்டயா சொல்லுவன்னு. பெத்த புள்ள கேக்கற கேள்விங்க இது. இதுங்களா பெருமை?

— சரிக்கா. தப்புதான். மன்னிச்சிருங்க. ரெண்டாம் பதிப்புல அந்தப் படத்த எடுத்துடறேன்.

— ரெண்டாம் பதிப்பு வர்றதுக்குள்ள எங்க ஆடு பிரியாணி ஆயிருமுங்க. நாளைக்கு வெடியால ஏழு மணிக்கு லாரி வருது. அம்பத்தெட்டு உருப்படியும் கறிக்கு.

— கறிக்கா? சினையாடும் இருக்கேக்கா.

— சினை, குட்டி எல்லாந்தான். சங்கத்துல அத்தன பேரு முன்னால, இது எம் பொண்டாட்டி பண்ணுன கலப்பு, பட்டியக் கலைச்சுட்டு சுத்தமா மறுக்கா ஆரம்பிக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. வர்ற மாசம் எல்லாப் பட்டியிலயும் சங்கத்துல இருந்து ரத்தம் எடுத்துப் பாக்கறாங்களாம். அதுக்கு முன்ன காலி பண்ணோணும், அசிங்கம் வேண்டாம்கறாரு. எங்கிட்டப் பேச்சே இல்லீங்க. சோத்தப் போட்டு வெச்சா, நான் அக்கட்டால போன பொறகுதான் தட்டுல கைய வெக்கறாரு.

— நான் வந்து அண்ணன்கிட்டப் பேசறேன்.

— அதுக்குத்தான் வந்தேன். அவருகிட்டயும் சொல்லோணும், சங்கத்துலயும் சொல்லோணும். இது நானாக் கட்டுன கதை, அந்தம்மா அப்பிடி எதுவும் சொல்லல, புஸ்தகம் நல்லா இருக்கட்டும்னு சேத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அந்த ஒரு சொல்லு போதும், லாரி வெறும் லாரியாத் திரும்பிரும்.

— அது முடியாதுக்கா.

— ஏனுங்க?

— கட்டுக்கதைன்னு என் வாயால சொல்லிட்டா டாக்டர் பட்டம் போயிரும். எல்லாம் உண்மைன்னு உறுதிமொழி எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த வாரம் காலேஜ்ல இன்டர்வியூ. இந்த அத்தியாயத்தப் படிச்சிட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஏழு வருச உழைப்புக்கா.

— நான் அந்தப் பட்டியில இருவத்தாறு வருசமுங்க.

— நீங்க என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க.

— நான் ஒம்பது வருசம் சுமந்த பொய்ய நீங்க ஒரு நாளைக்குச் சுமக்கக் கூடாதுங்களா?

— ஆய்வுன்னா உண்மைய உண்மைன்னுதான் வெக்கணும். அதுல கை வெக்க முடியாது.

— பாப்பாயி உண்மைங்களா? எருமப்பட்டி உண்மைங்களா? உங்களுக்கு வேணுங்கற எடத்துல மாத்திக்குவீங்க. எனக்கு வேணுங்கற எடத்துல மட்டும் உண்மை குறுக்க வந்து நின்னுக்குது.

— ஜோஸ்லின், வெளிய யார் செருப்பு... அட, சௌந்திரம் அக்காவா? வாங்க வாங்க. எப்ப வந்தீங்க?

— என்னங்க, நீங்க கொஞ்சம் உள்ள போங்க. நாங்க பேசிட்டு இருக்கோம்.

— ஜெபஸ்டின் சாரும் இருக்கட்டுங்க. எங்க ஆட்டுக்கு ரத்தம் எடுத்த டாக்டருதான. சாரு, உங்கூட்டம்மா எழுதுன புஸ்தகத்தப் படிச்சீங்களா?

— அதாவது, முன்னுரை படிச்சேங்க. நன்றின்னு போட்ட எடத்துல என் பேர் இருக்குன்னு அந்தப் பக்கத்தக் காட்டுனா.

— ஒரே ஊட்ல இருந்துக்கிட்டு ஒருத்தரு எழுதறத ஒருத்தரு படிக்க மாட்டீங்களா?

— எனக்குக் கால்நடை மரபணு, அவளுக்கு நாட்டார் வழக்கு. அவ அத்தியாயம் எனக்கு எட்டாது, என் அட்டவணையப் பாத்தா அவளுக்குத் தூக்கம் வரும். ஏன்க்கா, என்ன ஆச்சு?

— ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்க பட்டியில முப்பது ஆட்டுக்கு ரத்தம் எடுத்துட்டு வந்தீங்களே. அதுல கலப்புன்னு வந்துச்சுங்களா?

— அது... எங்க விதிப்படி வெளிய சொல்லக் கூடாதுங்க. ஜோஸ்லின்கிட்டயே சொன்னதில்ல.

— நாளைக்கு அந்த ஆடெல்லாம் கறிக்குப் போவுதுங்க சாரு. ஒம்பது வருசத்துக்கு முன்ன யாருக்கும் தெரியாம நான் சந்தையில வாங்கிச் சேத்த ஒரு கெடாயால. நீங்க விதியப் பாருங்க.

— ஒம்பது வருசமா? இல்லியே. அப்படி இருக்க வழியே இல்லக்கா.

— என்னங்க சொல்றீங்க?

— கரெக்டாச் சொல்லணும்னா, கலப்பு புதுசா இருந்தா மரபணுவுல நீளநீளமாப் பட்டை மாதிரி தெரியும். உங்க ஆட்டுல அப்படி ஒண்ணுகூட இல்ல. நீங்க வாங்குன கெடா உங்க பக்கத்து இனமேதான், சுத்த மேச்சேரி.

— மறுக்கா ஒருவாட்டி சொல்லுங்க சாரு.

— சுத்த மேச்சேரிங்க. அதாவது, பட்டியில கலப்பே இல்லன்னு சொல்லல. இருக்கு. ஆனா அது பொடிப்பொடியா உடைஞ்சு கெடக்கு, நாப்பது அம்பது வருசத்துப் பழசு. உங்க மாமனார் காலத்துல வெளியில இருந்து கெடா சேத்திருக்காங்க.

— இத ஏங்க என்கிட்டச் சொல்லல? நான் ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கேன்.

— நீ கேக்கல ஜோஸ்லின். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— அம்மிணி, நீ சித்த சும்மா இரு. சாரு, அப்ப அந்தப் பட்டிய நான் கெடுக்கல.

— நீங்க கெடுக்கலக்கா. உங்க கெடா வந்தப்புறம் கலப்பு கொறைஞ்சுதான் இருக்கு.

— ஒவ்வொரு ஈத்துக்கும் குட்டி உழுந்த ஒடனே அது மூஞ்சியப் பாக்க பயந்துக்கிட்டு நிப்பேன். நெறம் மாறி இருக்குமோ, காது மாறி இருக்குமோன்னு. ஒம்பது வருசம் சாமி. போதும், இனி யாரும் எனக்காவப் பொய் சொல்ல வேண்டாம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. வெடியால என்ற கூட வாங்க, லாரி வர்றதுக்கு முன்ன போயிரலாம். அந்த ரிப்போர்ட்ட அவரு கையில குடுத்து, இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. கோவக்காரருதான், ஆனா நாயமான மனுசன். தெரியாமத்தான இப்பிடிப் பண்றாரு.

— அக்கா, அந்த ரிப்போர்ட்ட போன ஆடியிலயே அண்ணன் கையில குடுத்துட்டேன். புரியறவரைக்கும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாரு, அப்புறம் ‘எங்கய்யன் பண்ணுன காரியம் சௌந்திரத்துக்கு மட்டும் தெரியக் கூடாது’ன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு.